தசரதன் கேட்ட மேடு பள்ளம்

செம்பருத்தி நகரில் ஒரு செம்பருத்திச் செடிகூடக் கிடையாது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்பக்கம் நாலு குறுக்குத் தெரு, நூற்றுப்பத்து வீடு, நூற்றுப்பத்து போர்வெல். மாசி பிறந்தால் அத்தனை போர்வெல்லிலும் காற்றுதான் வரும். ஏரிக்கரை வீடு என்று சொல்லி விற்றார்கள், வாங்கினார்கள். ஏரியை மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம், அதற்கு மேல் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. குளிக்கவும் குடிக்கவும் கழுவவும் தசரதன் வரவேண்டும்.

தசரதன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். நாற்பத்து நாலு வயது. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரில் இருபத்திரண்டு வருஷம். எட்டாவது வரை படித்தான், ஒன்பதாவது வகுப்பு அவனைப் பார்க்கவே இல்லை. பதினாறு வயதில் கிளீனர், இருபதில் லைசென்ஸ். அவனுடைய அப்பா இதே இடத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். யாராவது அதைக் கேட்டு உச்சுக் கொட்ட வந்தால், "அந்த நெலமும் எங்குளுது இல்ல, இந்த வூடும் எங்குளுது இல்ல, மூடியத் தொறங்க சார்" என்று பேச்சை முடித்துவிடுவான்.

அவனுக்கு மனித இனத்தைப் பிடிக்காது. அதில் தனித்தனியாகத் தரம் பிரித்து வைத்திருந்தான். தெருவில் குறுக்கே காரை நிறுத்திவிட்டு உள்ளே போய் சீரியல் பார்ப்பவர்கள் ஒரு தரம். தொட்டி மூடியின் மேல் துளசி மாடத்தைக் கட்டிவிட்டு, தண்ணீர் வந்தபின் அதை நகர்த்த ஆள் தேடுபவர்கள் இன்னொரு தரம். எல்லாவற்றுக்கும் அடியில், பன்னிரண்டாயிரம் லிட்டரும் இறங்கிய பிறகு, "டியூபை நல்லா உதறுங்க, உள்ள மிச்சம் இருக்கும்" என்று நிற்பவர்கள். நகரில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கடைசி வகை. அவனும் உதறுவான். உதறும்போது ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இந்த ஜென்மங்களுக்காக லாரி ஓட்டுவதைவிடப் பன்றி மேய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவான்.

பிள்ளைகள் எந்தத் தரத்திலும் சேரவில்லை. அவர்களைத் தனியாக வெறுத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினைந்து இருபது சைக்கிள்கள் தெருவில் இறங்கும். பாதி சைக்கிள் அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, மீதி அண்ணனுடையது. மூன்றாவது குறுக்குத் தெரு மேட்டில் தொடங்கி நாலாவது தெரு முனை வரை சரிவு. பிரேக் உள்ள சைக்கிளுக்கு மரியாதை கிடையாது. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் தசரதனின் ஏழாவது லோடும் வரும்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. இரண்டு வீட்டுக்குப் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு மீதிப் பாதியோடு திரும்பினான். டேங்கர் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், முழு லோடைவிட அரை லோடு ஆபத்து. முழுசாக இருந்தால் தண்ணீர் நகராது. அரையாக இருந்தால், நீ பிரேக் போட்டாலும் அது போடாது. சந்திலிருந்து ஓவியா வந்தாள். பதின்மூன்று வயசு, பூ கட்டி விற்கும் தனக்கோடியின் மகள். தசரதன் பிரேக்கை மிதித்தான். லாரி நின்றது. பிறகு பின்னால் இருந்த தண்ணீர் ஓடிவந்து முட்ட, நின்ற லாரி இன்னும் ஒரு சாண் முன்னால் போனது. அந்த ஒரு சாணில் சைக்கிளின் முன்சக்கரம் அப்பளமாக நொறுங்கியது. சைக்கிளின் மேல் ஆள் இல்லை, பக்கத்து மழைநீர் வாய்க்காலில் கிடந்தாள்.

ஓவியா எழுந்து, முழங்கையில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, அவனுடைய குடும்பத்தில் நாலு தலைமுறையை இழுத்துத் திட்டினாள். தசரதன் லாரியைவிட்டு இறங்கவில்லை. தெருவில் இருந்தவர்கள் அதை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அவன் கீழே இறங்காததற்குக் காரணம், வலது கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி கிளியம்மாளிடம் கால் சுளுக்கு என்றான். அவள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். சுளுக்கு எடுக்கும் இடமெல்லாம் எடுத்தும் அடுத்த நாள் மூன்றாவது தெரு முனைக்கு வந்ததும் கால் மறுபடி ஆடியது.

அதன்பிறகு அந்தத் தெருவில் மாட்டுவண்டி வேகத்தில் போனான். முனையிலிருந்து முனைவரை ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். பிள்ளைகள் அந்த ஹாரனைப் பந்தயம் தொடங்கும் விசிலாக வைத்துக்கொண்டார்கள். லாரி முதலாளி சிட்டிபாபு போனில் கத்தினார்: எட்டு லோடு போக வேண்டிய இடத்தில் ஆறு லோடு போகிறது, என்ன, வழியில் காதுகுத்தா?

ஒரு வாரம் பொறுத்து, புதுச் சக்கரம் ஒன்றை வாங்கி ஓவியாவின் வீட்டு வாசலில் சாத்திவைத்துவிட்டு நழுவப் பார்த்தான். அவள் பிடித்துக்கொண்டாள். சக்கரம் ஒரு அங்குலம் சின்னது என்றாள். பிறகு, பரவாயில்லை என்றும் சொல்லி, அம்மாவின் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். எந்த நாடோ தெரியவில்லை. மண்ணைக் குவித்து வரிசையாக மேடும் பள்ளமுமாகத் தட்டி, திருப்பங்களில் சுவர் மாதிரி சாய்த்து வைத்திருந்தார்கள். வாண்டுகள் சைக்கிளில் நின்றபடி, உடம்பை அமுக்கியும் தூக்கியும் அலையில் போகிற மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பம்ப் டிராக் என்று பெயராம்.

"இன்னா இது, லோடு மண்ணு கொட்டி வெச்ச மாறி கீது?"

"அதாண்ணா டிராக்கு. பெடலே போட வேணாம். மேட்டுல ஏறி எறங்குனா அதுவா ஓடும்."

"வுழுந்தா?"

"மண்ணுலதான வுழுவோம். உன் லாரிக்குக் கீழ இல்லியே."

தசரதன் அன்று இரண்டு லோடு போடவில்லை. நாலாவது தெருக் கடைசிக்குப் போய் பூங்கா இடத்தைப் பார்த்தான். மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம், நாலு கிரவுண்டுக்கு அரை கிரவுண்டு குறைவு. இருபது வருஷத்தில் அதில் முளைத்தது சீமைக் கருவேலமும் ஒரு பெயர்ப்பலகையும்தான். யார் வீட்டை இடித்தாலும் உடைந்த செங்கல்லும் டைல்ஸும் பீங்கானும் இங்கே வந்து விழும். கணக்கு அவனுக்குச் சுலபமாக வந்தது. சனியன்கள் இங்கே இருந்தால் அங்கே இருக்க மாட்டார்கள்.

இப்படித்தான் தசரதன் பொதுநலவாதி ஆனான்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், நோக்கம் என்ன என்று கேட்டார். இந்தப் பிசாசுகள் ரோட்டுக்கு வரக்கூடாது, அதுதான் நோக்கம் என்றான். அவர் 'சிறார்களின் உடல்நலம், மனவளம் மற்றும் ஒலிம்பிக் கனவுகளைக் கருதி' என்று எழுதி நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த வரியைப் படித்தபோது தசரதனுக்கே ஒலிம்பிக்கின்மேல் ஒரு பக்தி வந்தது.

திங்கட்கிழமை தோறும் மனு நாள். தசரதன் ஐந்து திங்கள் போனான். முதல் திங்கள் மனுவை வாங்கிய எழுத்தர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார். ஊரே பள்ளத்தை மூடு என்று மனு கொடுக்கிறது, நீ ஒருத்தன்தான் மேடு பள்ளம் போட்டுக்கொடு என்று வந்திருக்கிறாய் என்றார். அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், பள்ளத்தை மூடச்சொல்லி நாலு வருஷமாக வருகிறவர்கள் உட்பட. எட்டு வடிவ நடைபாதை கேட்டால் உடனே கிடைக்கும், கூழாங்கல் பதித்தே தருவோம் என்றார் எழுத்தர். திறந்தவெளி ஜிம்மும் உண்டு. மேட்டுக்கு மட்டும் அரசு வேலைகளுக்கு விலை போடும் ரேட்டுப் புத்தகத்தில் தலைப்பு இல்லையாம். கவுன்சிலரும் எட்டு நடைபாதைதான் சொன்னார். தசரதனுக்குத் தெரிந்தவரை பக்கத்து நகரின் எட்டு நடைபாதையில் நாய்கள்தான் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தன.

ஐந்தாவது திங்கள் ஒரு வழி பிறந்தது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போடும். தலைப்பு இல்லாத வேலையையும் மண்வேலை என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சங்கம் என்பது சூர்யநாராயணன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. சங்கக் கூட்டம் அவர் வீட்டு மொட்டைமாடியில், மேரி பிஸ்கட்டோடு நடக்கும். தசரதனை நாற்காலியில் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். அதற்குள் எத்தனை தண்ணீர் இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

ஆட்சேபணைகள் வந்தன. சத்தம் வரும். யாராவது கையை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு. வடகிழக்கில் மேடு கூடாது. கடைசியாக ஒருவர் குரலைத் தாழ்த்தி, வெளி ஏரியா பசங்க எல்லாம் வருவாங்க சார் என்றார். வெளி என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. தசரதன் அந்த வெளியில்தான் பிறந்தான். சூர்யநாராயணன் தொண்டையைச் செருமி, யோசனை நல்ல யோசனைதான், வரும் ஆண்டில் பரிசீலிக்கலாம் என்றார்.

தசரதன் சாய்ந்திருந்த தொட்டியை விரலால் ஒரு தட்டு தட்டினான். "மே மாசம் வருது சார்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒருவர் டீயில் நனைத்த பிஸ்கட்டை மறந்துபோக, அது உடைந்து உள்ளே விழுந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அலுவலகத்தில் கோப்பு நகர்ந்தது. உதவிப் பொறியாளர் ஜூலையில் வந்து இடத்தைப் பார்ப்பார், அப்போது இடம் காலியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. தசரதன் சிட்டிபாபுவிடம் ஜேசிபி இரவல் கேட்டு, முள்ளையும் இடிபாட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாரினான். செவ்வாய்க்கிழமை பார்த்தால் மூன்று டிராக்டர் உடைந்த சுவர் கிடந்தது. மறுபடி வாரினான். மறுபடி ஒரு குளியலறை முழுசாக வந்து விழுந்திருந்தது, கண்ணாடியோடு. 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்தான். பலகையின்மேல் கொட்டினார்கள். 'மீறினால் நடவடிக்கை' என்று வைத்தான். அந்தப் பலகையைத் திருடிப் போனார்கள்.

அவனுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரிகிற வழிதான். சுவரில் சிறுநீர் கழிக்காமலிருக்க சாமி டைல்ஸ் ஒட்டுகிறார்கள் இல்லையா, அதே வைத்தியம். வண்டலூர் சாலையோரம் பொம்மை விற்பவர்களிடம் இரண்டடி சிமென்ட் பிள்ளையார் ஒன்று வாங்கினான். இடது காது விரிசல் விட்டிருந்ததால் விலை குறைவு. டேங்கர் ஒழுகலை அடைக்கும் எம்-சீலை வைத்துக் காதைச் சரிசெய்தான். விடியற்காலை முதல் லோடுக்கு முன்பு, பூங்கா வாசலில் நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் உட்காரவைத்து, மஞ்சள் துண்டு கட்டி, குங்குமம் வைத்தான். போகுமுன் ஒரு நிமிஷம் நின்று, "ரெண்டு மாசம் பாத்துக்கோப்பா, அப்பால உன்ன நம்ம வூட்டுக்கு இட்டுகினு போறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அன்றிலிருந்து ஒரு செங்கல் விழவில்லை. சட்டத்துக்குப் பயப்படாதவர்கள், நடவடிக்கைப் பலகையையே தூக்கிக்கொண்டு போனவர்கள், காது ஒட்டிய சிமென்டைப் பார்த்து டிராக்டரைத் திருப்பினார்கள். தசரதன் லாரிக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான். இந்த ஜனங்களைப் பற்றி அவன் வைத்திருந்த அபிப்பிராயமெல்லாம் சரி என்று ஆயிற்று. அதில் ஒரே ஒரு விஷயத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. குப்பை கொட்டாத ஜனம் சும்மா போகாது, கும்பிடும்.

முதலில் ஒரு விளக்கு வந்தது. பிறகு அருகம்புல் மாலை. ஒரு வாரத்தில் மேலே தகரக் கூரை, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஒரு பல்பு. முதல் தெருவில் ஒரு பெண்ணுக்கு மூன்று வருஷமாகத் தட்டிப்போன வரன் அமைந்தது. பத்தாவது தேறாது என்று எல்லோரும் கைவிட்ட பையன் ஒருவன் பாஸ் ஆனான். அவன் பேப்பரைத் திருத்தியவர் யாரோ, பெயர் பிள்ளையாருக்கு வந்தது. சூர்யநாராயணன் ஒரு மாலை பூங்கா வாசலில் நின்று, இதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, தானாகக் கிளம்பிவந்த மூர்த்தி என்று அறிவித்தார். மறுநாள் பிள்ளையாருக்குச் செயலாளர், பொருளாளர், உண்டியல் எல்லாம் வந்துவிட்டன. டிராக்குக்குப் பங்கு கேட்டபோது பத்து ரூபாய்த் தாளைத் தடவித் தடவிக் கொடுத்த கைகள் இங்கே நூறை மடித்துப் போட்டன. டிராக்குக்கு வசூலானதையும் சேர்த்து சூர்யநாராயணன் கருங்கல் பீடம் ஒன்று கட்டி, பிள்ளையாரை அதில் சிமென்ட் வைத்துப் பொருத்திவிட்டார். எம்-சீல் காது வெள்ளிக் கவசத்துக்குள் போயிற்று. பீடத்துக்கு முன்னால் சைக்கிளும் செருப்பும் கூடாது என்று பலகை வைத்தார்கள். இந்தப் பலகையை யாரும் திருடவில்லை.

தசரதன் கிளியம்மாளிடம் உண்மையைச் சொன்னான். அவள் தையல் கம்பெனியிலிருந்து வந்து, தலையில் பூவோடு பிள்ளையாருக்குத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எம்-சீல் டப்பா பாதி காலியானது எதனால் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தெரிஞ்சவன் நீ ஒருத்தன், நான் ஒருத்தி. வாய மூடிகினு இரு" என்றாள். "ஊரு உன்ன உரிச்சிடும்." சொல்லிவிட்டு, பூவை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டும் வந்தாள்.

இதற்கிடையே பிள்ளைகள் தெருவில்தான் இருந்தார்கள். ஜூன் கடைசியில் ஒரு கூரியர் பைக் ஒரு பையனை இடித்து, அவன் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு திரிந்தான். தசரதன் அவனைப் பார்த்த அன்று ஒரு லோடைத் தெரு முனையிலேயே இறக்கி, நூறடி டியூபை இழுத்துக்கொண்டு நடந்தே போனான்.

ஜூலையில் உதவிப் பொறியாளர் அபிகாயில் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதிருக்கும். அளவு நாடாவை விரித்தார், பிள்ளையாரைப் பார்த்தார், நாடாவைச் சுருட்டினார். பொது இடத்தில் வழிபாட்டுத் தலம் இருந்தால் இந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது என்றார். எடுக்கச் சொல்லுங்களேன் மேடம் என்றான் தசரதன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பேரைக் கேட்டீங்கல்ல? நான் கிறிஸ்டியன். நான் எடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலம் என் போட்டோ எல்லா குரூப்லயும் ஓடும். யார் வெச்சாங்களோ அவங்களே, 'இது என்னோடது, எடுத்துக்கிறேன்'னு எடுத்தா எனக்குப் பிரச்சினை இல்ல. வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் திரும்ப வர்றேன். அன்னைக்கு என்ன பார்க்கிறேனோ, அதைத்தான் எழுதுவேன்."

புதன்கிழமை முழுக்க தசரதன் யாரிடமும் எரிந்து விழவில்லை. ஒரு வீட்டில் டியூபை உதறச் சொல்லாமலே உதறினான். அந்த அம்மாள் பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

வியாழன் பதினோரு மணிக்குப் பூங்கா வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். அன்று சங்கடஹர சதுர்த்தி, சுண்டல் வேறு. அபிகாயில் ஓரமாக நின்றார். தசரதன் லாரியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். பிள்ளையாரைக் கையால் காட்டினான்.

"இத்த இங்க வெச்சது நான்தான். வண்டலூர் ரோட்டுல வாங்கியாந்தேன். குப்ப கொட்டாம இருக்கறதுக்காக வெச்சேன். ஒரு ஐயர கூப்டல, ஒரு மந்திரம் சொல்லல. அந்த எடது காதுல எம்-சீல் அடச்சிகீறேன், கவசத்த எடுத்துப் பாருங்க. அந்தப் புள்ளைங்க என் வண்டில மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோவும். நானே எடுத்துக்கறேன், வுட்டுடுங்க."

அவன் வாழ்நாளில் இந்த நகரோடு பேசிய மிக நீளமான பேச்சு அது. கூட்டம் சுண்டல் மெல்வதை நிறுத்தியது. திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தான். யாரும் திட்டவில்லை. கூட்டத்துக்கு நடுவிலிருந்து கிளியம்மாள், அவர் சொல்வது நிஜம்தான், டப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றாள். அவளையும் யாரும் திட்டவில்லை. சூர்யநாராயணன் முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. நல்ல வாடிக்கையாளருக்குக் கடன் மறுக்கும்போது ஒரு சிரிப்பு வைத்திருந்திருப்பார், அதை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கினது நீதான், தசரதன். யார் இல்லேன்னா? ஆனா உன்னை வாங்க வெச்சது யாரு?"

பின்னால் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள். எத்தனை வண்டி அந்த ரோட்டில் போகிறது, இவன் வண்டியைத்தானே பிள்ளையார் நிறுத்தினார் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். காது உடைந்ததை யாரும் சீந்தாமல் விட்டிருக்க, இவன் கையால் வைத்தியம் பார்த்துக்கொண்டாரே என்றார் இன்னொருவர். இருபது வருஷமாக அவன் பெயர் தெரியாமல் 'தண்ணி லாரி' என்று கூப்பிட்ட ஒரு அம்மாள், அவன் கையில் ஒரு தொன்னைச் சுண்டலைத் திணித்து, பாக்கியசாலிப்பா நீ என்றாள்.

தசரதன் தொன்னையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பிள்ளையாரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பீடத்துச் சிமென்ட் அசையவில்லை. தழுவிக்கொள்கிறான் என்று நினைத்து ஒருவர் போட்டோ எடுத்தார். வாட்ஸ்ஆப் குழுவில் அன்றைக்கு அதுதான் ஓடியது.

அபிகாயில் ஸ்கூட்டரைக் கிளப்புமுன் அவனருகே வந்தார். "நீங்க சொன்னதை நான் நம்புறேன் அண்ணா. ஆனா நம்புனதை எழுத அந்த ஃபார்ம்ல இடம் கிடையாது" என்றார். சனிக்கிழமை அவன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கள் மனுவின்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. அதைப் படித்துக்காட்டச் சொல்லி கிளியம்மாளிடம் கொடுத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியும். இன்னொருவர் வாயால் கேட்டால் வேறு மாதிரி இருக்குமோ என்று பார்த்தான். இல்லை.

அன்று சாயங்காலம் ஏழாவது லோடு. ஐந்து அடித்து ஐந்து நிமிஷம். தசரதன் மூன்றாவது தெரு முனைக்கு வந்தான். கீழே சரிவில் சைக்கிள்கள். ஹாரனில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். லாரியைத் திருப்பினான், பின்னால் எடுத்தான், மறுபடி திருப்பினான். தெருவாயை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அடைத்துக் கோணலாக நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஃபுட்போர்டில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தான்.

இரண்டு நிமிஷத்தில் பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. பிறகு இரண்டு. ஆட்டோக்காரன் ஒருவன், "யோவ், வண்டி இன்னா படுத்துக்கிச்சா?" என்று விசாரித்துவிட்டு, பதில் வராததால் சுற்றிக்கொண்டு போனான். தொட்டி காலியாகிக் காத்திருந்த வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சூர்யநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்துவந்தார்.

"என்ன தசரதன், லாரி ரிப்பேரா?"

"இல்ல சார்."

"டீசல் இல்லையா?"

"கீது சார்."

"பின்ன என்ன? வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல. உள்ள வா."

"ஆறரைக்கு வரேன் சார். புள்ளைங்க ஓட்டிகினு கீதுங்க."

சூர்யநாராயணன் சரிவைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். இது பொது வழி, இப்படி மறிக்க உனக்கு என்ன அதிகாரம், போலீசுக்கு போன் போடுவேன் என்றார். போடுங்க சார் என்றான் தசரதன். அப்பால வேற தண்ணி லாரி பாத்துக்குங்க என்று சேர்த்துக்கொண்டான், பீடியைத் தட்டியபடி, ரொம்ப மரியாதையாக. அவர் போனைக் கையிலெடுத்து, அதில் மணி பார்த்தார். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

கீழே ஓவியா தலைமையில் ஒரு கூட்டம் தெருவை அளந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ பலகையும் மணல் மூட்டையும் வந்திருந்தன. அவற்றை அடுக்கி மேடு போட்டார்கள். மாவுக்கட்டுப் பையன் முதலில் ஏறி, முதலில் விழுந்து, முதலில் சிரித்தான். தசரதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எருமைகள் என்றான்.

ஓவியா சைக்கிளை மிதித்துச் சரிவில் மேலேறி, லாரியின் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க நின்றாள். டேங்கரின் பம்பரையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, கொஞ்சம் பின்னால எடு. திரும்புறதுக்கு எடம் பத்தல."

"ரோட்டையே வுட்டுட்டேன், இன்னும் எடம் பத்தலியா உனுக்கு?" என்று உறுமியபடி தசரதன் எழுந்து, பீடியைக் காலால் தேய்த்துவிட்டு, உள்ளே ஏறினான். பின்னால் நின்ற காரை நகரச் சொல்லிக் கையசைத்தான். கார்க்காரர் முடியாது என்று தலையாட்டினார். தசரதன் ரிவர்ஸ் போட்டு, அவர் முடியும் என்று முடிவு செய்கிறவரை, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தான்.